முசிறி பஸ் நிற்கிற கடை

அந்தப் பெண் கடைக்குள் வரவே இல்லை. வாசலில் தொங்கிய குடைகளை ஒரு கையால் விலக்கி, இன்னொரு கையால் ஒரு நீலக் கட்டைப்பையை என் கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கினாள். கைப்பிடி அழுந்தி உள்ளங்கை சிவந்திருந்தது.

"பாய், இது இருக்கட்டும். சாயங்காலம் தங்கச்சி முசிறியிலேருந்து வந்து எடுத்துக்கும். நான் வரேன், பஸ்ஸு எடுத்துட்டான்!"

"நீலக் கட்டைப்பை, முசிறி" என்று நான் திருப்பிச் சொன்னேன். அதுதான் எங்கள் கடையின் ரசீது. அதற்குள் அவள் ஓடிப்போய், திருவெள்ளறை வழியாகப் போகிற துறையூர் பஸ்ஸின் பின்படியில் ஏறிவிட்டாள். கண்டக்டர் அவளைத் திட்டியது எனக்கே கேட்டது.

பையின் வாயை ஜவுளிக்கடைக்காரர்கள் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தார்கள். கிட்டப் போனால் புதுத்துணி வாசனை வந்தது.

சாயங்காலம் தங்கச்சி வரவில்லை. எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடை டிவியில், நாளைக்கு யாரும் வெளியே வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள்தானே என்று பையைக் குடை மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். ஒரு நாளாம்! இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

டோக்கன் கிடையாது

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி எங்கள் கடை. குடை, கைப்பை, ஸ்கூல் பை, பெல்ட் விற்கிறோம். குடைக்கம்பி உடைந்தால் மாற்றிக் கொடுப்போம். கடைக்கு ஒரு நல்ல பெயரும் உண்டு. எங்கள் அப்பா, அதாவது அத்தா, ஆசையாக வைத்து, பச்சை எழுத்தில் போர்டும் மாட்டினார். அதை முழுசாகப் படித்தவர் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாருக்கும் இது 'முசிறி பஸ் நிற்கிற கடை'. பஸ்ஸிலிருந்து காலை வைத்தால் எங்கள் வாசல்.

அதனால் கூடவே ஒரு வேலை வந்து ஒட்டிக்கொண்டது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் சுமையை எங்களிடம் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். திருவெள்ளறைக்காரர் வைத்துவிட்டுப் போன முருங்கைக்காய்க் கட்டை, மத்தியானம் முசிறியிலிருந்து வரும் சம்பந்தி எடுத்துக்கொண்டு போவார். இரண்டு ஊருக்கும் நேர் பஸ் கிடையாது. இந்த ரூட்டும் அந்த ரூட்டும் சந்திக்கிற இடம் எங்கள் கடைதான்.

டோக்கன் கிடையாது, பெயர் கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. பையின் நிறத்தையும் ஊரையும் சொன்னால் போதும், கொடுத்துவிடுவோம். "என்ன பாய், ஒரு டோக்கன் போட்டா என்ன?" என்று கேட்கிற புத்திசாலிகள் வாரத்துக்கு ஒருத்தர் வருவார்கள். வந்தவர்களும் கடைசியில் தங்கள் பையை டோக்கன் இல்லாமல்தான் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருளை எங்களில் அமானிதம் என்போம். அமானிதத்தைப் பிரிக்கக் கூடாது, உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு, ஒரு சேவல். யாரோ சாக்குப்பையில் வைத்துவிட்டுப் போக, அது குடைகளுக்கு அடியிலிருந்து பகல் பூரா கூவி, குடை வாங்க வந்த ஒரு வாத்தியாரைக் கொத்தியும்விட்டது. உள்ளே என்ன என்று அன்றைக்கு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தகரத் திருச்சி

ஒரு நாள் என்றது ஒரு வாரமாகி, அதுவும் மாதக்கணக்கில் நீண்டது. பாலக்கரையில் எங்கள் தெரு எப்படிப்பட்ட தெரு? ஒரு சைக்கிள் நின்றால் பின்னால் வரிசையாகப் பத்து வண்டி ஹாரன் அடிக்கும் தெரு. அங்கே பட்டப்பகலில் ஒரு நாய் நடு ரோட்டில் மல்லாந்து படுத்துத் தூங்கியது. காய்கறி மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். தள்ளுவண்டிக்காரர் தெருமுனையில் நின்று கூப்பிட்டால், மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிகூடக் கிடையாது. என் மனைவி மெஹர் வீட்டிலேயே காய்ச்சினாள். அருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்குவாளியோடு வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரோடு வம்பு பேசி வாங்கிவந்த கஞ்சியின் ருசி வேறு.

கடையில் எலி புகுந்திருக்கும் என்று எனக்குத் தூக்கம் போனது. போலீஸ்காரரிடம் கெஞ்சி, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். பெல்ட்டுகளைக் கடித்து வைத்திருந்தன. நீலப்பை கொக்கியில் பத்திரமாக இருந்தது. அதை அங்கே விட மனசு வரவில்லை, வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

"ஊரே அரிசி பருப்பு தூக்கிட்டு வருது, நீங்க யாரோ பையத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மெஹர்.

"அமானிதம்மா."

"அதுக்கும் சோப்புத் தண்ணி தெளிச்சுட்டு உள்ள வாங்க."

அந்த மாதத்தில் அவள் கண்டுபிடித்த பொருள் குடைத்துணி மாஸ்க். மிச்சமிருந்த கறுப்புத் துணியில் இரண்டு டஜனுக்கு மேல் தைத்துவிட்டாள். கிருமி மட்டும் இல்லை, காற்றும் உள்ளே வராது. தெருமுனைப் போலீஸ்காரருக்கு ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "பாய், இதுக்கு கொரோனாவே தேவல" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு எதிர்வீட்டில் ஒருவருக்கு வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். சும்மா வீரம் பேசக் கூடாது, பயந்துதான் போனோம். ராத்திரி யாராவது இருமினால் தெருவே விழித்துக்கொள்ளும். குவைத்திலிருந்து மகன் தினமும் போன் பண்ணி, "அத்தா, சூடா தண்ணி குடிச்சீங்களா?" என்பான். அவன் அங்கே ஒரு அறையில் எட்டுப் பேரோடு அடைபட்டிருந்தான். இவன் என்னைக் கேட்கிறான்! சுவர் ஆணியில் தொங்கிய நீலப்பை எங்களோடு சேர்ந்து தனிமைப்பட்டிருந்தது.

படத்தில் யார் கையிலும் பை இல்லை

ஒருவழியாகக் கடையைத் திறக்கலாம் என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் எதிரே பஸ் ஸ்டாண்டைக் காணோம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் தகரம், உள்ளே கிரேன். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். பழைய பஸ் ஸ்டாண்டின் கழிப்பறைப் பக்கம் போனவர்கள் யாரும் அதற்காக அழ மாட்டார்கள்.

தகரத்தின் மேல் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள், வரப்போகிற பஸ் ஸ்டாண்ட் இப்படி இருக்குமாம். கண்ணாடிச் சுவர், பளபளவென்ற தரை, நடக்கிற ஆண்களும் பெண்களும். வியாபாரம் இல்லாத பொழுதில் வேறென்ன வேலை, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள்தான் உறைத்தது: படத்தில் ஒருத்தர் கையிலும் பை இல்லை! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பை இல்லாமல் பஸ் ஏறுகிறவன் எந்த ஊர்க்காரன்? நம் ஊரில் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கூடக் கையில் கொத்தமல்லிக் கட்டோடு வருவார்.

முசிறி பஸ்ஸைக் காவிரிப் பாலத்துக்குப் போகிற ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்டி ஒரு ஆள் வரவில்லை. எப்படி வருவார்கள்? கடையின் பெயரே யாருக்கும் தெரியாதே. குடைகளின் மேல் சிமெண்டுத் தூசி படிந்தது. காலையில் தட்டுவேன், மத்தியானம் மறுபடியும் தட்டுவேன். அதுதான் வேலை.

ஒருதடவை பையைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டுக்கே போனேன். முசிறி பஸ்ஸுக்கு நின்றவர்களிடம், "இந்த நீலக் கட்டைப்பை உங்களுதாம்மா?" என்று வரிசையாகக் கேட்டேன். கொரோனா காலத்தில், மாஸ்க் போட்ட ஒரு ஆள், அனாதைப் பையை நீட்டிக்கொண்டு வந்தால் யார் நிற்பார்கள்? க்யூ கலைந்துவிட்டது. போலீஸ்காரர் வந்து, "பையில என்ன?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து போன்

எங்கள் பில்டிங் ஓனர் சம்பத் சாமி ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். தினமும் விடியற்காலையில் பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்காதவர். கோயில் கதவை ஜனங்களுக்கு மூடியிருந்த மாதங்களில் அவர் குரலே இளைத்துப்போயிருந்தது. "கூப்பிடு தூரத்துல இருக்கேன் ஓய், சேவிக்க முடியலை. மொட்டை மாடியில நின்னு கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துட்டு இறங்கிடறேன்" என்பார். நானும் பள்ளிவாசலுக்குப் போக முடியாததைச் சொல்லுவேன். இரண்டு பேரும் போனில் பெருமூச்சு விட்டுக்கொள்வோம்.

அப்படிப் பழகியவர், கட்டட வேலை பாதி முடிந்திருந்தபோது தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"கரீம், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கப்படாது. செல்போன் கடைக்காரா ரெண்டு பேர் வந்து கேக்கறா. உம்ம கடையில ஈ காக்கை இல்லைன்னு கேள்விப்படறேன். நீரும் ஏன் கஷ்டப்படணும்? ஆத்துல சௌக்கியமா இரும். பெருமாள் கிருபையில பிள்ளை சம்பாதிக்கறான்."

மகனும் அதையேதான் சொன்னான். "போதும் அத்தா, விட்டுடுங்க."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாற்பது வருஷமாக என் காலை நேரம் அந்த ஷட்டர் சத்தத்தில்தான் தொடங்கியிருக்கிறது. கடையை விட்டால் நான் யார்? பெயர் இல்லாத கடையின் ஆள், கடையும் இல்லாமல். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சாமி, கடையில ஒருத்தவங்க பை இருக்கு. அது போகட்டும். போன அன்னிக்கே சாவியக் குடுத்துடறேன்."

"அப்படியா? சரி, அது நியாயம்தான். வச்சவா வரட்டும்" என்றார். நல்ல மனுஷர். ஆனாலும் மாதம் பிறந்தால் வாடகையைப் பற்றிக் கேட்கிறாரோ இல்லையோ, "அந்தப் பை என்னாச்சு ஓய்?" என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டாவது அலை வந்து போயிற்று. பை போகவில்லை.

புது பஸ் ஸ்டாண்டைத் திறந்தார்கள். தகரத்தை எடுத்ததும் கடைக்குள் வெயில் வந்தது, ஆட்கள் வரவில்லை. முசிறி பஸ்ஸுக்குக் கட்டடத்தின் அந்தப் பக்கம் இடம் ஒதுக்கிவிட்டார்கள். சம்பத் சாமி இந்தத் தடவை நேராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை போன் பண்றேன், ஒரு முடிவு சொல்லும்."

வெள்ளைத் தொப்பி

வியாழக்கிழமை ஒரு ஆள் கடைக்குள் நுழைந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் மாஸ்க், நெஞ்சுவரை தாடி. இரண்டு கையிலும் சேர்த்து நாலு பை. எல்லாவற்றையும் கல்லா முன்னால் தொப்பென்று போட்டார்.

"நீங்கதானா அந்தப் பாய்? இந்தாங்க, உங்க சாமான். என்னால முடியல சாமி!"

அவர் பெயர் செந்தில். பாலத்து ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறார். தொப்பி பேக்கரித் தொப்பி. தாடி, சலூன்கள் மூடியிருந்த காலத்தில் வளர்த்து, பிறகு பிடித்துப்போய் வைத்துக்கொண்டது. முசிறி பஸ்ஸைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினார்களா? அவ்வளவுதான். இறங்குகிறவர்கள் எல்லாரும், "பாய், இது இருக்கட்டும்" என்று பையை அவர் கண்ணாடி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முசிறி பஸ் நிற்கிற கடை, என்னை மாதிரியே தொப்பி, தாடி. மாஸ்க்குக்கு மேல் வேறென்ன அடையாளம் வேண்டும்?

"நான் பாய் இல்லம்மா, இது பன்னு விக்கிற கடைம்மான்னு கத்துறேன். 'சும்மா வெளையாடாதீங்க பாய்'ன்னுட்டுப் போறாங்க. ஒரு பெரியவரு, 'உங்க அத்தா இருந்தா இப்படிப் பேசுவாரா'ன்னு என்னையக் கோவிச்சுக்கிறாரு. எங்கப்பா லால்குடியில உசுரோட இருக்காருங்க!"

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். இப்போது பஸ் போய்விட்டது, பைகள் மட்டும் அவரிடம் தங்கிவிட்டன. ஒரு பழைய கண்டக்டர்தான் என் கடையைக் காட்டியிருக்கிறார்.

பிறகு செந்திலின் குரல் மாறியது. "எல்லாத்தையும் தாங்கிக்குவேன் பாய். ஒரு பொண்ணுதான். முசிறிப் பொண்ணு. மாசாமாசம் வந்து என் பையக் குடுன்னு அழுவும். வைக்காத பைக்கு நான் எங்க போவேன்? நீலக் கட்டைப்பையாம்."

நான் மேலே கொக்கியில் தொங்கிய நீலப்பையைக் காட்டினேன். செந்தில் அண்ணாந்து பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் போன் நம்பர் அவரிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை

ஜும்மா தொழுகை முடிந்து நான் கடைக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். பெயர் கவிதா. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. குழந்தை அதற்குள் ஒரு குடையைப் பிடித்து இழுத்து விரித்துவிட்டிருந்தது.

கொக்கியிலிருந்து பையை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. வாயில் அடித்திருந்த பின்களையே பார்த்தாள். துருப்பிடித்திருந்தன, ஆனால் ஒன்றுகூடக் கழலவில்லை.

"எனக்கு வளைகாப்புப் புடவை பாய் இது" என்றாள். "அக்கா எடுத்து, முசிறி பஸ் நிக்கிற கடையில வச்சுட்டுப் போச்சு. வளைகாப்புக்கு யாரும் வர முடியல. பஸ்ஸு விட்டதும் எங்க வீட்டுக்காரர அனுப்பினேன். பேக்கரிக்காரரு இல்லவே இல்லன்னுட்டாரு. அக்கா வைக்கவே இல்ல, பொய் சொல்லுதுன்னு நெனச்சுட்டேன். கேட்டுட்டேன் பாய், வாய்விட்டே கேட்டுட்டேன். 'புடவை எடுக்க வக்கில்லன்னா சொல்லிடு, எதுக்குப் பொய்'ன்னு. அன்னிக்குப் பேச்ச நிறுத்துனது. அப்புறம் மனசு கேக்காம, நானே மாசாமாசம் வந்து பேக்கரிக்காரருகிட்ட கேட்டேன். இவளுக்கு இன்னும் பெரியம்மாவத் தெரியாது."

'இவளுக்கு' என்றதும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று குழந்தை சிரித்தது.

கவிதா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"அக்கா" என்றாள் இவள். "பை இருக்குக்கா. நீ வச்ச மாதிரியே இருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், பிறகு எதற்கோ ஒரு குடையை விரித்து மடக்கினேன். இத்தனை மாதப் பேச்சும் அங்கே ஒரே மூச்சில் நடந்தது. பாதி திட்டு, பாதி அழுகை, நடுவில் குழந்தைக்குப் பல் முளைத்த கதை.

பிறகு அக்காவின் குரல் கணீரென்று வந்தது. கடைவாசலில் கேட்ட அதே அவசரக் குரல்.

"அடியே, நீயா தூக்கிட்டுப் போயி நீயா கட்டிக்கப் போறியா? அதெல்லாம் ஆகாது. புடவைய நான் என் கையால தட்டுல வச்சுக் குடுக்கணும். தையில பாப்பாவுக்குக் காதுகுத்து வை, நானும் மாமாவும் வரோம். பாய் இருக்காரா? பாய்! அது அங்கயே இருக்கட்டும் பாய். நான் வந்து எடுத்துக்கிறேன்."

நான் வாய் திறப்பதற்குள், இந்தத் தங்கச்சி பையை என் பக்கம் நகர்த்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கையிலிருந்த வயர்கூடையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் இருக்கட்டும் பாய். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்."

"பச்சை வயர்கூடை, முசிறி" என்றேன்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்ரீரங்கம்.

"என்ன ஓய், அந்தப் பையை எடுத்துண்டு போனாளா, இல்லையா?"

"வந்தாங்க சாமி. பாத்தாங்க" என்றேன். நாற்காலியில் ஏறி, நீலப்பையைப் பழைய கொக்கியிலேயே மாட்டினேன். "ஆனா இப்ப சாவி குடுக்க முடியாது. கடையில ஒரு பை இருக்கு."

"அதே பழைய பைதானேங்காணும்?"

"அதேதான் சாமி. ஆனா இன்னிக்குத்தான் வச்சுட்டுப் போயிருக்காங்க."